மார்ச் மாதத்தில் கேட்டு வாங்கிய இரண்டு இரவுகள்



அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ராக்கி மலைத் தேசியப் பூங்கா இருக்கிறது. அதன் மிக உயர்ந்த சிகரம் லாங்ஸ் பீக், 4,346 மீட்டர். நம் ஆனைமுடி 2,695 மீட்டர். லாங்ஸ் பீக்கில் காரை நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கும் இடமே அதைவிட உயரம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்டில் அங்கே தனியாகப் போய்வந்தேன். அதற்கு எப்படித் திட்டமிட்டேன் என்பதைத்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

இந்த மலைக்குக் கோடையில் கயிறும் ஆணியும் வேண்டாம். ஆனால் வெறும் நடையும் போதாது. கீஹோல், அதாவது சாவித்துவாரம் என்று பெயர் வைத்த ஒரு பாறைப் பிளவு வரை நடந்தே போய்விடலாம். அதைத் தாண்டிவிட்டால் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டருக்குக் கையையும் காலையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். பாறைகளில் மஞ்சளும் சிவப்புமாக வட்டப் பொட்டுகள் வரைந்திருக்கிறார்கள். அவைதான் வழி. ஒரு பக்கம் மலைச்சுவர், மறு பக்கம் பள்ளம். கை தவறினால் பிடிக்க ஆள் இல்லை.

பெரும்பாலோர் நள்ளிரவு தாண்டி இரண்டு, மூன்று மணிக்கு அடிவாரத்தில் கிளம்பி ஒரே நாளில் திரும்பிவிடுவார்கள். அதற்கு முகாம் அனுமதி தேவையில்லை. மலையிலேயே இரவு தங்க வேண்டுமென்றால் பூங்காவின் அனுமதிச் சீட்டு கட்டாயம். நான் கேட்டது போல்டர்ஃபீல்ட் என்ற இடம். 3,800 மீட்டருக்கு மேலே, பாறைகள் கொட்டிக் கிடக்கும் வெளி. காற்றைத் தடுக்கக் கல்லை வட்டமாக அடுக்கி வைத்திருப்பார்கள். அந்த வட்டத்துக்குள்தான் கூடாரம். அப்படிப்பட்ட இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அந்த உயரத்தில் மரம் கிடையாது. தரையோடு ஒட்டி வளரும் சின்னஞ்சிறு செடிகள் மிதிபட்டால் மீண்டு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். எண்ணிக்கையைக் குறைவாக வைத்திருப்பதில் எனக்கு மனக்குறையே இல்லை.

கோடைக்கான முன்பதிவு மார்ச் முதல் தேதி திறக்கும். ஆகஸ்டில் வானம் எப்படி இருக்கும் என்று மார்ச்சில் யாருக்குத் தெரியும்? அங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அரும்பாடுபட்டு ஒரு தேதி வாங்கிவிட்டால், தலை வலித்தாலும் மேகம் திரண்டாலும் அன்றைக்கே ஏறிவிட வேண்டும் என்று மனம் அடம்பிடிக்கும். அதனால் ஓர் இரவு போதும் என்ற இடத்தில் இரண்டு இரவு கேட்டு வாங்கினேன். என் திட்டத்திலேயே உருப்படியான காரியம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அரிசி எளிதில் வேகாது, பருப்பு வேகவே வேகாது. நெருப்பு மூட்டவும் அனுமதியில்லை, சிறிய கேஸ் அடுப்பு மட்டும்தான். நான் அவல் கொண்டுபோனேன். உணவையெல்லாம் கரடியால் திறக்க முடியாத கெட்டியான டப்பாவில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். கரடி வராத உயரத்திலும் மார்மட் என்ற பெரிய மலை அணில் வரும். வியர்வை உப்புக்காகத் தோள்பையின் வாரைக்கூடக் கடித்துவிடும்.

நான் போனபோது கீஹோல் பக்கத்தில் ஒரு சிறிய கல்வீடு நின்றது. 1925 ஜனவரியில் ஆக்னஸ் வெய்ல் என்ற பெண்மணி, வால்டர் கீனர் என்பவரோடு கடுங்குளிரில் இந்த மலையின் கிழக்கு முகத்தில் ஏறி உச்சியைத் தொட்டார். இறங்கும்போது வழுக்கி விழுந்தார். பெரிய காயம் இல்லை, ஆனால் களைப்பில் எழ முடியவில்லை. கீனர் உதவி தேடி ஓடினார். ஆட்களோடு திரும்பி வந்தபோது ஆக்னஸ் உறைந்து இறந்திருந்தார். தேடப் போனவர்களில் ஹெர்பர்ட் சோர்ட்லண்ட் என்பவரும் குளிரில் உயிரிழந்தார். ஆக்னஸின் நினைவாக 1927இல் கட்டிய புகலிடம் அது. ஓடிப்போய் ஆள் கூப்பிடத் துணை ஒருவர் இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. தனியாகப் போகிறவருக்கு அந்தத் துணையும் கிடையாது.

அதனால் டென்வரில் இருக்கும் என் தங்கையிடம் ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தேன். எந்தப் பாதை, எந்த முகாம், கூடாரம் என்ன நிறம், கார் எண் என்ன, எந்த நாள் எத்தனை மணிக்குள் என் குரல் கேட்காவிட்டால் பூங்காவுக்குச் சொல்ல வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. கடைசி வரி எனக்கு நானே எழுதிக்கொண்டது. காலை பத்து மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பிவிடுவேன். ஜூலை, ஆகஸ்டில் அங்கே பிற்பகல் இடி வழக்கம். வெயிலில் மலைச்சரிவு சூடேற, ஈரக்காற்று மேலெழும்பி மேகமாகும். அப்போது வெறும் பாறைமேல் நிற்கக் கூடாது.

முதல் இரவு தூக்கமே இல்லை. கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்ஸிஜனில் ஐந்தில் மூன்று பங்கு கிடைத்தால் அதிகம். நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டியவன் ஏழு மணிக்குத்தான் எழுந்து நடந்தேன். பத்து மணிக்கு ட்ரஃப் என்ற செங்குத்தான பாறை ஓடையின் தலைப்பில் இருந்தேன். வானம் கண்ணாடி போல இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போதும் என்று தோன்றியது. மெல்லிய காற்றில் நிற்கும் மூளை சொல்வதைவிட, மதுரை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிய வரியை நம்பினேன். இறங்கிவிட்டேன். அன்று மாலை வரை ஒரு சொட்டு மழை இல்லை. கூடாரத்தில் படுத்துக்கொண்டு அந்த நீல வானத்தைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆனால் மார்ச்சில் வாங்கிய இரண்டாவது இரவு கையில் இருந்தது. உடம்பும் உயரத்துக்குப் பழகியிருந்தது. நன்றாகத் தூங்கினேன். மறுநாள் நான்கு மணிக்கு நெற்றி விளக்கோடு கிளம்பினேன். எட்டு மணிக்கு முன்பே, விளையாட்டு மைதானம் போல அகன்ற அந்த உச்சியில் தனியாக நின்றேன். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மாலை அடிவாரத்துக்கு வந்ததும் தங்கையைக் கூப்பிட்டேன். "காகிதத்தைக் கிழிச்சுடட்டுமாண்ணா?" என்று கேட்டாள்.