சதுரங்கப் பொறியும் தொடக்கப் புத்தகமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் பேச நம் சங்கத்தில் புலமை மிக்கோர் இருக்கின்றனர். இசைக்கு நம் பெண்மணிகள் இருக்கின்றனர். இரயில்வே அலுவலகத்தில் ஏடுகளோடு காலங்கழிக்கும் குமாஸ்தாவாகிய என்னைச் சதுரங்கம் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். அதற்குக் காரணம் உண்டு. 2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. 2024 டிசம்பரில் சென்னை இளைஞர் குகேஷ், தம் 18ஆம் வயதில், சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனார். அதன் பின்னர் நம் காலனியில் சதுரங்கப் பலகை இல்லாத வீடு அரிதாகிவிட்டது. கணிப்பொறியோடு ஆடும் பிள்ளைகள், "முதற்பத்து நகர்த்தல்களை இமைப்பொழுதில் ஆடிவிடுகிறதே, அவ்வளவு விரைவாக எப்படி யோசிக்கிறது?" என்று வியக்கின்றனர். பல பொறிகள் அவ்விடத்தில் யோசிப்பதே இல்லை என்பதுதான் விடை. அவை புத்தகத்தைப் பார்த்து ஆடுகின்றன. அந்தப் புத்தகத்தைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

சதுரங்கத்தில் வெள்ளைக்கு முதல் நகர்த்தலில் 20 வழிகள் உண்டு. கறுப்புக்கும் 20 வழிகள். ஆளுக்கு ஒரு முறை ஆடியதுமே 400 நிலைகள் தோன்றிவிடுகின்றன. அதற்கு மேல் பெருகும் பெருக்கத்தைச் சொல்லி முடியாது. ஆனால் பல தலைமுறைகளாக வல்லவர்கள் ஆடிப் பார்த்து, எந்தத் தொடக்கம் நன்று, எது தீது என்று ஓரளவு கண்டு வைத்திருக்கின்றனர். அந்த அனுபவத்தைப் பொறி படிக்கும் வகையில் தொகுத்து வைத்ததே தொடக்கப் புத்தகம். ஆட்டக்காரர்கள் இதனை 'ஓப்பனிங் புக்' என்பர்.

இதில் எழுத்தோ படமோ கிடையாது, யாவும் எண்களே. பிரான்சு நாட்டு நிரலர் ஃபேபியன் லெடூசே அமைத்த 'பாலிகிளாட்' என்னும் முறையைச் சான்றாகக் கொள்வோம். பலகையில் 64 கட்டங்கள். இரு நிறத்திலும் சேர்த்துக் காய்வகை 12. எந்தக் காய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதற்கு 768 வாய்ப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய எண்ணை முன்கூட்டியே ஒதுக்கிவிடுகின்றனர். கோட்டை கட்டும் உரிமை முதலிய சில செய்திகளுக்கும் எண்கள் சேர, மொத்தம் 781. பலகையில் உள்ள நிலைக்குப் பொருந்தும் எண்களை ஒரு கணக்கு முறையில் இணைத்தால், அந்நிலைக்கே உரிய ஒற்றை எண் கிடைக்கும். 1970ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் சோப்ரிஸ்ட் வெளியிட்ட வழி இது.

இதன் நயம் யாதெனில், வந்த வழி எதுவாயினும் நிலை ஒன்றாயின் எண்ணும் ஒன்றே. விழுப்புரத்திலிருந்து கார்டு லைன் வழியாக விருத்தாசலம், அரியலூர் கடந்து சென்றாலும் திருச்சிதான். மெயின் லைன் வழியாக மயிலாடுதுறை, தஞ்சாவூர் சுற்றிச் சென்றாலும் திருச்சிதான். அதுபோல, சிப்பாயை முதலிலும் குதிரையை அடுத்தும் நகர்த்தினாலும், குதிரையை முதலிலும் சிப்பாயை அடுத்தும் நகர்த்தினாலும், சேரும் இடம் ஒன்றானால் பொறி புத்தகத்தில் ஒரே பக்கத்தைத்தான் புரட்டும்.

பக்கத்தைத் தேடுவதும் நாம் பதிவேட்டில் பெயர் தேடுவது போன்றதே. பதிவுகள் எண் வரிசையில் உள்ளன. பொறி முதலில் நடுப்பகுதியைப் பார்க்கும். தேடும் எண் அதனினும் சிறிதாயின் முன்பாதி, பெரிதாயின் பின்பாதி. மறுபடியும் அதன் நடு. இவ்வாறு பாதி பாதியாகக் குறைத்துச் சென்றால், பத்து இலட்சம் பதிவுகளிலும் ஏறத்தாழ 20 ஒப்பீடுகளில் வேண்டியது கிடைத்துவிடும்.

சரி, அப்பக்கத்தில் மூன்று நகர்த்தல்கள் எழுதியிருந்தால் எதனை ஆடுவது? இதற்காகவே ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எதிரே ஒரு 'எடை' குறிக்கப்பட்டுள்ளது. பழைய ஆட்டங்களிலிருந்து புத்தகம் தயாரிக்கும்போது, அந்த நகர்த்தலை ஆடியவர் வென்றிருந்தால் 2, சமன் செய்திருந்தால் 1, தோற்றிருந்தால் ஒன்றுமில்லை என்று கூட்டுவர். மூன்று நகர்த்தல்களின் எடை 60, 30, 10 என்று வைத்துக்கொள்வோம். பொறி 1 முதல் 100 வரை ஒரு சீட்டுக் குலுக்குகிறது. 60 வரை வந்தால் முதலாவது; 61 முதல் 90 வரை இரண்டாவது; அதற்கு மேல் மூன்றாவது. என்றும் ஒன்றையே ஆடினால் எதிராளி அதற்கு ஆயத்தமாகிவிடுவான் அல்லவா? அதனால்தான் இந்தக் குலுக்கல். வேண்டுமாயின், எடை மிகுந்ததை மட்டுமே ஆடுமாறும் பணிக்கலாம்.

பெரியோர்களே! இந்த எடையில் ஒரு குறை உண்டு. அது வெற்றியை எண்ணுகிறது; வெற்றியின் காரணத்தை எண்ணுவதில்லை. எதிராளி பிற்பகுதியில் தவறியதால் வந்த வெற்றியும், நல்ல நகர்த்தலால் வந்த வெற்றியும் அங்கே ஒரே மதிப்பெண் பெறுகின்றன. பலரும் ஆடியது நல்லதாகத் தோன்றிவிடும். நேற்று ஒருவர் அதற்குத் தக்க மறுப்பைக் கண்டுபிடித்திருந்தாலும் பழைய புத்தகத்திற்கு அது தெரியாது. கரெக்‌ஷன் ஸ்லிப் ஒட்டாத விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு அலுவல் பார்த்தால் என்ன நேரும் என்பதை இரயில்வேயில் பணிபுரியும் அன்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, சிறந்த பொறிகளை அமைத்தோர் புத்தகத்தைக் கண்மூடி நம்பவில்லை. ஐ.பி.எம். நிறுவனத்தின் 'டீப் புளூ' பொறிக்குக் கிராண்ட்மாஸ்டர் ஜோயல் பெஞ்சமின், வேறு மூன்று கிராண்ட்மாஸ்டர்களின் துணையோடு, ஏறத்தாழ 4,000 நிலைகளைக் கையாலேயே தேர்ந்து கொடுத்தார். அதனோடு 7 இலட்சம் ஆட்டங்களிலிருந்து ஒரு துணைப்புத்தகமும் உண்டு. எத்தனை பேர் ஆடினர், அவர்கள் எத்துணை வல்லவர்கள், அண்மையில் ஆடியதா, விளைவு என்ன என்பனவற்றை எல்லாம் அது சீர்தூக்கியது. ஆனால் அது கட்டளையிடவில்லை. பொறியின் சொந்தக் கணக்கிற்கு ஒரு பரிந்துரை மட்டுமே செய்தது.

1997 மே 11ஆம் நாள், நியூயார்க்கில், உலக சாம்பியன் காஸ்பரோவ் அப்பொறியோடு ஆறாவது ஆட்டம் ஆடினார். ஏழாம் நகர்த்தலில் ராஜா பக்கத்து ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். உடனே பொறி, எதிர் ராஜாவின் முன்னிருந்த சிப்பாயை வெட்டித் தன் குதிரையைப் பலி கொடுத்தது. அந்தப் பலி பொறி அங்கே சிந்தித்துக் கண்டதன்று, புத்தகத்தில் இருந்தது. 19 நகர்த்தல்களில் காஸ்பரோவ் பணிந்தார். போட்டியைப் பொறி 3½–2½ என்று வென்றது.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. குதிரையைக் கொடுத்தது புத்தகம். கொடுத்தபின் வென்றது கணக்கு. புத்தகம் முடிந்த இடத்திலிருந்து தானே வழி காணும் வலிமை அப்பொறிக்கு இருந்தது. அந்த வலிமை இல்லாத ஒரு பிள்ளை அதே நகர்த்தலை மனப்பாடம் செய்து ஆடினால், குதிரை போனதுதான் மிச்சம்!

2017ஆம் ஆண்டு 'ஆல்ஃபாசீரோ' என்னும் பொறி வந்தது. அதற்குப் புத்தகமே தரவில்லை. ஆட்ட விதிகளை மட்டும் தந்தனர். அது தன்னோடு தானே ஆடிப் பழகி, மனிதர் நெடுங்காலம் ஆடி வந்த பல தொடக்கங்களைத் தானே கண்டடைந்தது. இதனால் நம் முன்னோர் புத்தகம் பொய்யாகிவிடவில்லை. அதிலுள்ள நல்ல நகர்த்தல்களுக்குப் பின்னே காரணம் இருக்கிறது என்பதே தெளிவாயிற்று.

தாய்மார்களே! பிள்ளைகள் இருபது நகர்த்தல்களை ஒப்பிக்கிறார்கள் என்று மட்டும் மகிழாதீர்கள். "இந்தச் சிப்பாய் ஏன் இங்கே வந்தது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஆட்டம் தெரியாதவரும் இதனைக் கேட்கலாம். விடை சொல்லும் பிள்ளை, எதிராளி புத்தகத்தை விட்டு விலகும்போது கலங்கமாட்டான்.

ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நமக்கும் இது பொருந்தும். மொழி, பழக்கவழக்கம் என்று பெரியோர் தந்த புத்தகம் நம் கையில் இருக்கிறது. "எல்லாரும் இப்படித்தான் செய்தார்கள்" என்பது எடை மட்டுமே. இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு எடையோடு காரணத்தையும் சேர்த்துக் கொடுப்போம். புத்தகத்தில் இல்லாத நிலை ஒரு நாள் அவர்கள் முன் வரத்தான் போகிறது. அன்று அவர்களுக்குத் துணை நிற்பது அந்தக் காரணமே.