உறங்காத இருவர்

புதினங்களிற் பழகிய இளைஞர் ஒருவர் முல்லைப்பாட்டைப் படித்தால் குறைபட்டுக்கொள்வார். “போர்க்காலக் காதற்பாட்டு என்கிறீர்கள். காதலர் இருவரும் ஓரிடத்திலேனும் ஒரு சொல் பேசிக்கொள்ளவில்லையே! 103 அடிகளிற் பாதிக்குமேல் பாசறைதான் இருக்கிறது. காதல் எங்கே?” என்பார். இக்கேள்வியை இகழ்ந்து தள்ளுதல் ஆகாது; நேர்மையான கேள்வி.

விடை, அவர் வெறுக்கும் அப்பாசறையிலேயே இருக்கிறது. நள்ளிரவு. வேந்தனுக்கு உறக்கமில்லை. ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி, மறுகையால் தலையைத் தாங்கி நெடிது நினைக்கிறான். எதனை? வேல் பாய்ந்த புண்ணால் தன் பிடிகளையும் மறந்த களிற்றை. வெட்டுண்டு பாம்புபோல் துடித்த துதிக்கையை. செஞ்சோற்றுக்கடன் கழித்து மாண்ட மறவரை. அம்பு தைத்து, இரையுண்ணாது செவிசாய்த்து வருந்தும் குதிரையை. தலைவியை நினைத்ததாகப் புலவர் நப்பூதனார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால், புண்பட்ட களிறு பிடியை மறந்தது என்கிறாரே, அங்கே சற்று நின்று பாருங்கள். அம்மறதி களிற்றுக்கு மட்டுமா? (பாகர் யானையிடம் வடமொழி பேசும் அடியை எடுத்துக்காட்டி மகிழ்வோர் நம்மில் உண்டு. மகிழட்டும், அவ்வடியோடு நூலை மூடிவிட்டால் இந்தக் களிற்றைக் காணமாட்டார்கள்.)

மறுநாள் வெற்றி. வேந்தன் இனிது துயில்கிறான். அதை அறியாத தலைவியோ எழுநிலை மாடத்தில், இறவாரத்திலிருந்து வீழும் மழைநீரின் ஒலியைக் கேட்டபடி கிடக்கிறாள். நெகிழும் வளையைத் திருத்துகிறாள். தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறாள். அம்புபட்ட மயில்போல் நடுங்குகிறாள். களத்து அம்பு அவள்மேலும் தைத்துவிட்டது! போர் முடிந்த பின்னும் அவளுக்குப் போர் முடியவில்லை.

நச்சினார்க்கினியர் அடிகளை முன்பின்னாகப் பிரித்துக் கூட்டி உரை கண்டார். 1916இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகள், 1903இலேயே இப்பாட்டுக்கு ஆராய்ச்சியுரை வரைந்து அம்முறையை மறுத்தார். பாட்டு ஓடும் ஓட்டத்திலேயே படிப்பவர்க்குத்தான் அவன் துயிலும் அவள் விழிப்பும் அடுத்தடுத்து நிற்பது விளங்கும்.

ஒரு குறையும் சொல்லத்தான் வேண்டும். தோற்றவன் மனையிலும் ஒருத்தி காத்திருந்திருப்பாள். அவளைப் பற்றி இப்பாட்டில் ஓரடியும் இல்லை.

இறுதியில் ஊதுகொம்பு முழங்குகிறது, தேர் விரைகிறது, தலைவியின் செவியில் அவ்வொலி நிறைகிறது. இருவரும் கண்டு பேசுமுன்பே புலவர் பாட்டை நிறுத்திவிடுகிறார்.