காயலான் கடையிலிருந்து ஒரு லீனியர்

ஹாம் ரேடியோ அன்பர்கள் 'லீனியர்' என்று சொல்லும் ஆம்ப்ளிஃபயரைப் பற்றி இன்று பேசுகிறேன். 5 வாட் தரும் சின்ன டிரான்ஸ்மிட்டரை 20 வாட்டுக்கு உயர்த்தும் கருவி அது. கடையில் வாங்கலாம். ஆனால் காயலான் கடையில் பொறுக்கிய பாகங்களைக் கொண்டு அதைக் கட்டுகிறார்களே, அந்தக் கைத்திறனைத்தான் நான் மெச்சுகிறேன்.

5 வாட் 20 வாட் ஆனால், எதிர்முனையில் கேட்பவரின் எஸ்-மீட்டரில், அதாவது சிக்னலின் வலுவைக் காட்டும் மீட்டரில், முள் ஒரே ஒரு புள்ளிதான் ஏறும். நான்கு மடங்கு சக்திக்கு ஒரு புள்ளி! அது தெரிந்தும் வாரக்கணக்கில் ஈயம் பற்றவைக்கிறார்கள் என்றால், பாகங்களின் குணத்தை அறிகிற ஆசைதான் காரணம்.

பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளையைப் பிரித்தால், ஒரு முகம் மட்டும் வெள்ளையடித்த மஞ்சள் வளையம் ஒன்று கிடைக்கும். பார்த்ததுமே கம்பி சுற்றத் தோன்றும். சுற்றாதீர்கள். நாம் பேசப்போகும் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது சக்தியைச் சூடாக்கித் தின்றுவிடும். பழைய மானிட்டர் கேபிளில் உருண்டையாகப் புடைத்திருக்குமே, அதற்குள் ஒரு ஃபெரைட் குழல் இருக்கிறது. அப்படி இரண்டை அருகருகே ஒட்டினால் நல்ல வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் அமையும். டிரான்சிஸ்டர் விஷயமும் இப்படித்தான். ஐ.ஆர்.எஃப். 510, 540 இரண்டுக்கும் உருவம் ஒன்றே. 540 கூடுதல் கரண்ட் தாங்கும். ஆனால் அதன் கேட்டில் கெப்பாசிட்டன்ஸ் பல மடங்கு அதிகம். நம் வேலைக்குச் சின்னவனான 510 தான் சரி. அதன் முதுகுத் தகடு டிரெயினோடு இணைந்தது. ஆகவே நடுவே மைக்கா வைத்துத்தான் ஹீட்சிங்கில் முடுக்க வேண்டும். கழித்துக் கட்டிய கம்ப்யூட்டரின் ஹீட்சிங்கே போதும்.

டிரான்சிஸ்டரின் கேட்டுக்குப் பயாஸ் வோல்டேஜ் வைப்பதில்தான் கையின் பக்குவம் தெரியும். பிரீசெட்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். கேட் வோல்டேஜ் மூன்று, நான்கை நெருங்கும்வரை அம்மீட்டர் அசையாது. பிறகு சட்டென்று பாயும். அந்த இடத்தில் அவசரப்பட்டால் டிரான்சிஸ்டர் போய்விடும்.

ஆனாலும் ஒரு லீனியரை நான் எடைபோடுவது அதன் ஃபில்டரை வைத்துத்தான். 7.1 மெகாஹெர்ட்ஸைப் பெருக்கும்போது 14.2, 21.3 என்று வேண்டாத பிள்ளைகளும் கூடவே பிறக்கும். மூன்று காயில், நான்கு கண்டன்சர் கொண்ட லோ-பாஸ் ஃபில்டர் அவற்றைத் தடுக்கும். அது இல்லாத லீனியர் எத்தனை வாட் தந்தாலும், என் கணக்கில் முடிந்த வேலை அல்ல. பிறர் பேசும் அலைவரிசையை அது கெடுக்கும்.

சோதனைக்கு ஆண்டெனா வேண்டாம். ஆயிரம் ஓம், 2 வாட் கார்பன் ரெசிஸ்டர்கள் இருபதைப் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் 50 ஓம் டம்மி லோடு தயார். முதலில் அதில் பேசிப் பாருங்கள். அமெச்சூர் உரிமம் கைக்கு வரும்வரை ஆண்டெனாவில் மாட்டாதீர்கள். இன்னொன்று: பழைய பவர் சப்ளையின் பெரிய கண்டன்சரில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே கை வையுங்கள்.