யாருக்கு எந்த மருந்து?



பட்டமளிப்பு மேடைகளில் உலக விவகாரங்கள் அனைத்தையும் தொட்டுப் பேசுவது சம்பிரதாயமாயினும், என் வாழ்நாளின் பெரும்பகுதியை ஆட்கொண்ட ஒரே ஒரு கேள்வியை மாத்திரம், இன்று பட்டம் பெற்றுச் செல்லும் உங்கள் முன் வைத்துவிட்டு அமர்வதே எனக்கு உகந்ததாகப் படுகிறது: கணையப் புற்றுநோய் கண்ட ஒருவருக்கு எந்த மருந்து பலிக்கும் என்பதை, அந்த மருந்தை ஏற்றுவதற்கு முன்னரே அறிந்துகொள்ள வழி உண்டா?

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி மறைந்து கிடக்கும் அவயவம். அங்கே எழும் கட்டி காமாலையாகவோ முதுகுவலியாகவோ தன்னை வெளிக்காட்டும் வேளையில், பெரும்பாலோருக்கு அறுவைச் சிகிச்சைக்கான தருணம் கடந்துபோயிருக்கும். பிரான்ஸ் தேசத்து மருத்துவர்கள், நோய் பரவிவிட்ட 342 பேரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஜெம்சிடபின் என்ற மருந்தை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 6.8 மாதமாகவும், பல மருந்துகளைச் சேர்த்த ஃபால்ஃபிரினாக்ஸ் பெற்றோருடையது 11.1 மாதமாகவும் இருந்தன. நான்கு மாதம் நமக்கு அற்பமாகத் தோன்றலாம். மகளின் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டுப் படுத்திருக்கும் தகப்பனாருக்கு அது அற்பமன்று. ஆனால் அந்தக் கூட்டு மருந்து உடலை வெகுவாக வாட்டும். பலிக்காத மருந்தில் முதலிரண்டு மாதங்கள் கழிந்துவிட்டாலோ, அடுத்ததைத் தாங்கும் வலு பலருக்கு மிஞ்சுவதில்லை.

ஜெம்சிடபின் தானாக உயிரணுவுக்குள் புகுந்துவிடுவதில்லை. உயிரணுவின் சவ்வில் பதிந்திருக்கும் ஹென்ட்-1 என்ற புரதமே அதற்குப் பிரதான வாயில். வாயில் குறைந்த கட்டியில் மருந்து வெளியிலேயே நின்றுவிடும் என்ற ஊகத்துக்கு, 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு ஆதாரம் தந்தது. பின்னர், லிவர்பூலைத் தலைமையிடமாகக் கொண்டு நடந்த எஸ்பாக்-3 ஆய்வில் சேமிக்கப்பட்ட திசுக்களைச் சோதித்து 2014இல் வெளியிட்ட முடிவின்படி, அறுவைக்குப் பின் ஜெம்சிடபின் பெற்றவர்களுள் வாயில் மிகுந்தோர் 26.2 மாதமும், குறைந்தோர் 17.1 மாதமும் இடைநிலையாக வாழ்ந்தனர். ஃபுளூரோயுரசில் என்ற வேறொரு மருந்தைப் பெற்றவர்களிடமோ இந்த அனுகூலம் காணப்படவில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயத்தின் உயிர்நாடி இருக்கிறது. ஓர் அடையாளம் உள்ளவர் நெடுநாள் வாழ்கிறார் என்று கண்டால், அது நோயின் சுபாவத்தைச் சொல்கிறதேயன்றி மருந்தின் பலனைச் சொல்வதாகாது. ஒரு மருந்தைப் பெற்றோரிடம் பேதத்தைக் காட்டி, மற்றொன்றைப் பெற்றோரிடம் காட்டாதபோதுதான், மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும் தகுதி அந்த அடையாளத்துக்கு வாய்க்கிறது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிய கட்டுரைகளை நான் எண்ணிக்கையின்றிப் படித்திருக்கிறேன். படிக்கும்தோறும் மனம் நோகிறது.

இனி, அந்த வாயிலைக் காண்பது எப்படி? நோயாளியின் திசுவை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலினும் மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, ஹென்ட்-1ஐப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் ஒன்றை அதன்மேல் ஊற்றிச் சாயமேற்றினால், புரதம் உள்ள இடம் பழுப்பாகத் தெரியும். கணையக் கட்டியிலோ புற்றணுக்களைவிட நார்த்திசுவே மிகுதி. இறுகிய நாரின் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய சிறு கூட்டங்களைத் தேடிப் பிடித்து, இந்தப் பழுப்பு அடர்ந்ததா, வெளிறியதா என்று நோய்க்குறியியலார் மதிப்பிடவேண்டும்.

இங்கேதான் இடறல் நேர்ந்தது. எஸ்பாக் முடிவுக்கு முந்தைய ஆண்டு, 2013இல், வேறொரு முயற்சியின் பலன் வெளியாயிற்று. ஜெம்சிடபினுடன் கொழுப்பமிலம் ஒன்றை இணைத்துவிட்டால் வாயிலின் தயவின்றியே அது உள்ளே செல்லும், வாயில் குறைந்தோருக்கு அதுவே நற்கதி என்ற அழகிய எண்ணத்தை, நோய் பரவிய 367 பேரிடம் சோதித்தார்கள். புதிய மருந்து பழையதை வெல்லவில்லை. அது மட்டுமன்று, ஜெம்சிடபின் பெற்றவர்களிடையே வாயில் மிகுந்தோருக்கும் குறைந்தோருக்கும் ஆயுளில் பேதமே தென்படவில்லை. நான் முதலில் சொன்ன இரு ஆய்வுகளிலும் பயன்பட்டது எலியிலிருந்து பெற்ற எதிர்ப்பொருள். இதில் பயன்பட்டதோ முயலிலிருந்து பெற்றது. பிற்பாடு ஒரே கட்டிகளின் சீவல்களில் இரண்டையும் ஊற்றி ஒப்பிட்டவர்கள், ஒன்று மிகுதி என்று காட்டிய இடத்தை மற்றொன்று குறைவு என்று காட்டுவதைக் கண்டார்கள். பேதம் எதிர்ப்பொருளால் விளைந்ததா, அறுவைக்குப் பிந்தைய நோய் வேறு, பரவிய நோய் வேறு என்பதால் விளைந்ததா என்ற தர்க்கம் இன்னும் ஓயவில்லை.

ஹென்ட்-1 அன்றி வேறோர் அடையாளமும் உண்டு. பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் பிறவியிலேயே பிழையுள்ளவர்களுக்கு ஒலாபரிப் என்ற மருந்து நோயின் வளர்ச்சியைத் தள்ளிப்போடுகிறது என்று 2019இல் தெளிந்தது உண்மையே. ஆயினும் அதற்காக 3,315 பேரைச் சோதித்து, 154 பேரையே ஆய்வில் சேர்க்க முடிந்தது. எஞ்சிய பெருங்கூட்டத்துக்கு என்ன சொல்வது என்பதுதான் என்னை உறங்கவிடாத விசாரம்.

உலகின் பல மருத்துவமனைகளில், மெழுகுக் கட்டிகள் நிறைந்த இழுப்பறைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஓர் எண் மட்டுமே எழுதியிருக்கும். அதற்குரியவர், இந்த ஆராய்ச்சியால் தமக்கு ஒரு நாளும் கூடப்போவதில்லை என்பதை நன்கறிந்தே, சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டவர். அவர் பெரும்பாலும் இன்று இல்லை. உங்களுள் ஒருவர் என்றேனும் அந்த இழுப்பறையைத் திறக்க நேர்ந்தால், எந்த எதிர்ப்பொருள், எந்த நாள் சீவுவது, யார் மதிப்பிடுவது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி முடித்த பின்னரே அந்த மெழுகைத் தொடுமாறு, அவர் சார்பில் உங்களை வேண்டிக்கொள்கிறேன்.