தஞ்சைச் சுவரில் கடாரம்

(ராசா வட்டாரத் தோட்டத் தொழிலாளரிடையே ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழகத்திற்குச் சென்று வரவேண்டும் என்னும் ஆவல் நம் தோட்டங்களில் என்றும் குறைந்ததில்லை. முன்னாளில் அது கப்பற்பயணமாக இருந்தது. கிள்ளான் துறைமுகத்திலோ பினாங்கிலோ கப்பலேறியோர் பல நாள் கடலில் கழித்து நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ இறங்கினர். 1985ஆம் ஆண்டில் 'சிதம்பரம்' என்னும் கப்பல் தீ விபத்துக்குள்ளானதோடு அக்காலம் முடிவுற்றது. இன்று கோலாலம்பூரில் விமானமேறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் திருச்சிராப்பள்ளியை அடைந்துவிடலாம். அங்கிருந்து தஞ்சாவூர் ஒன்றரை மணி நேரப் பயணமே.

இங்கு நான் பேச விரும்புவது அத்தகைய பயணத்தின் ஒரு நாளைப் பற்றி. தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் ஆகிய மூன்று சோழர் கோயில்களையும் வழிகாட்டி ஒருவருடன் ஒரே நாளில் கண்டு வருதல் இயலும். தஞ்சைக் கோயில் 1987ஆம் ஆண்டிலும், மற்ற இரண்டும் 2004ஆம் ஆண்டிலும் யுனெஸ்கோ நிறுவனத்தின் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பட்டன. ஆண்டுதோறும் நம்மவர் பலர் அங்கே செல்கின்றனர். சென்றவர்கள் எதைக் கண்டு திரும்புகின்றனர் என்பதே என் கவலை.

குழுக்களுடன் இருமுறை சென்று வந்தவன் என்ற முறையில் ஒன்றைக் கூறுகிறேன். ஒருமுறை எங்களை அழைத்துச் சென்ற முகவர் பெரிய கோயிலுக்கு ஒதுக்கிய நேரம் நாற்பது நிமிடம். பட்டுக்கடைக்கு ஒதுக்கியதோ இரண்டு மணி நேரம்! சேலை வாங்குதல் தவறன்று. மகளின் திருமணத்திற்குச் சேர்த்த வெள்ளியை எங்கே செலவிடுவது என்பது அவரவர் விருப்பம். ஆயினும் கடைக்கென வேறொரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். புறப்படுமுன்பே முகவரிடம் இதனைத் தெளிவாகப் பேசி எழுதி வாங்குதல் நலம். வழிகாட்டியை அமர்த்தும்போது அரசாங்க உரிமம் பெற்றவரா என்று கேளுங்கள். கூலியையும் முன்னரே பேசி முடித்துவிடுங்கள். விசாவுக்கான விதிகள் அவ்வப்போது மாறுவதால், இந்தியத் தூதரக அலுவலகத்தில் அவ்வேளையில் உள்ள விதியை அறிந்துகொண்டே பயணச்சீட்டு எடுக்கவேண்டும்.

பெரிய கோயிலுக்கு விடியற்காலையிலேயே சென்றுவிடுங்கள். பால் மரத்திற்கு இருள் பிரியுமுன் புறப்பட்டுப் பழகிய நமக்கு இது கடினமான செயலன்று. காரணம் இரண்டு. நண்பகலில் கருவறை அடைக்கப்பட்டு மாலையில்தான் மீண்டும் திறக்கப்படும். மேலும் கோயிலுக்குள் காலணி கூடாது. பத்து மணிக்கு மேல் முற்றத்துக் கல்தளம் கொதிக்கத் தொடங்கிவிடும். வயது முதிர்ந்தோர் தடித்த காலுறை ஒன்றைக் கையோடு கொண்டுசெல்லலாம்.

முதலாம் இராசராச சோழன் எழுப்பிய இக்கோயில் 1010ஆம் ஆண்டில் நிறைவுற்றது. பாறையே இல்லாத வயல்நாட்டில், வெளியூரிலிருந்து கருங்கல்லைக் கொணர்ந்து ஏறத்தாழ 200 அடி உயரத்திற்கு விமானத்தை உயர்த்தியுள்ளனர். அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது பேச்சு எழாது. அவ்வேளையில்தான் வழிகாட்டிகள் சிலர் இருவகைக் கதைகளைக் கூறத் தொடங்குவர். இக்கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்பது ஒன்று. அங்கேயே ஒரு மணி நேரம் நின்றால் நிழல் தரையில் கிடப்பதை உங்கள் கண்ணாலேயே காணலாம். உச்சியிலுள்ள கல் எண்பது டன் எடையுள்ள ஒரே கல் என்பது மற்றொன்று. அது பல கற்களை இணைத்து அமைக்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். முன்னே வீற்றிருக்கும் பெரிய நந்தியும் இராசராசன் காலத்ததன்று. பின்வந்த நாயக்கர் காலத்தது. பொய்யான வியப்புகள் இக்கோயிலுக்குத் தேவையே இல்லை. உண்மையான வியப்பு அதன் சுவரில் எழுதப்பட்டுள்ளது. அதைப் படித்துக் காட்டும் வழிகாட்டியே நல்ல வழிகாட்டி.

அச்சுவரில் நாம் காணவேண்டியவை இரண்டு.

முதலாவது, நம் நாட்டின் பெயர். இராசராசனின் மைந்தன் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டில் கடல் கடந்து நடத்திய படையெடுப்பைக் கூறும் கல்வெட்டு இக்கோயிலில் உள்ளது. ஸ்ரீவிசயம், இலங்காசோகம், மாதமாலிங்கம், மாநக்கவாரம் எனப் பல ஊர்களையும் நாடுகளையும் அடுக்கிக் கூறி, இறுதியில் கடாரத்தையும் அது குறிப்பிடுகிறது. கடாரம் என்பது இன்றைய கெடா மாநிலப் பகுதி என்பது அறிஞர் பலரின் முடிபு. ஸ்ரீவிசயம் பலெம்பாங்கைத் தலைநகராகக் கொண்ட பேரரசின் பெயர் என்பதை 1918ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் செதே எடுத்துக்காட்டினார். ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட எழுத்து ஆதலின் நம் கண்ணுக்கு எளிதில் பிடிபடாது. எனினும் வழிகாட்டி சுட்டிக்காட்ட, விரலை வைத்துப் பொறுமையாகத் தொடர்ந்தால், சில எழுத்துகளை இனங்காண முடியும். மலேசியாவில் பிறந்த நம் பிள்ளைகள் தஞ்சைக் கல்லில் தம் நாட்டின் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பது, எந்தப் பட்டுக்கடையிலும் கிடைக்காத பொருள் அன்றோ!

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 'நாம் வென்ற நாடு' என்று மார்தட்டிக்கொண்டு திரும்புவோரை நான் கண்டிருக்கிறேன். அது வரலாற்றின் ஒரு பக்கத்தை மட்டும் படித்தவர் பேச்சு. அப்படையெடுப்புக்கு முன்னர், இராசராசன் காலத்திலேயே, கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் ஒன்றை எழுப்பினார். அதன் பராமரிப்புக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைச் சோழ மன்னன் வழங்கினான். படையெடுப்புக்குப் பின்னும் உறவு அற்றுப்போகவில்லை. 1090ஆம் ஆண்டளவில் கடாரத்து அரசரின் தூதர்கள் முதலாம் குலோத்துங்கனிடம் வந்து, அவ்விகாரத்திற்குரிய ஊர்களுக்கு வரிவிலக்குப் பெற்றனர். நெதர்லாந்தின் லெய்டன் நகரின் பெயரால் அழைக்கப்படும் செப்பேடுகள் இவ்விரு செய்திகளையும் கூறுகின்றன. ஆக, போர் ஓராண்டில் முடிந்தது. வாணிகமும் நட்பும் தலைமுறை தலைமுறையாக நீடித்தன. கடாரம் நாம் பிறந்த மண். அதன் வரலாறு மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய அனைவர்க்கும் உரியது.

இரண்டாவது, உழைப்போரின் பெயர்கள். இதைக் காணும்போதுதான் என் நெஞ்சம் உருகியது.

தானும், தன் தமக்கையும், தன் தேவியரும், பிறரும் கோயிலுக்குக் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டுமாறு இராசராசன் ஆணையிட்டான். பொன்னும் மணியும் மட்டுமல்ல, கோயிற்பணி புரிந்தோரின் பட்டியலும் அங்கே உள்ளது. நடனமாட அமர்த்தப்பட்ட பெண்கள் நானூற்றுவர். ஒவ்வொருத்தியின் பெயர், அவள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில், எந்த வரிசையில், எத்தனையாவது வீட்டில் குடியமர்த்தப்பட்டாள் என்பன எழுதப்பட்டுள்ளன. ஒருத்திக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அவர்களோடு நட்டுவர், பாடுவோர், கொட்டுவோர், சங்கு ஊதுவோர், கணக்கர், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், தையற்காரர், தச்சர், குயவர், வண்ணார், நாவிதர் ஆகியோருக்கும் பங்கு குறிக்கப்பட்டுள்ளது. நெல்லை அளக்கும் மரக்காலுக்கும் 'ஆடவல்லான்' என்று பெயர் உண்டு. கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயரும் கல்லில் இருக்கிறது.

தோட்டத்துச் செக்ரோல் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பெயர், எண், வேலை, கூலி! பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே கணக்கை ஆயிரம் ஆண்டுக்கு முன்னர்க் கருங்கல்லில் வெட்டி வைத்துள்ளனர். பணியாளர் ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அப்பணியையும் பங்கையும் பெறலாம் என்றும், அவருக்குத் தகுதி இல்லையெனில் தகுதியுள்ள ஒருவரை அமர்த்தலாம் என்றும் அக்கல்வெட்டு விதிக்கிறது. வேலை போனால் லயத்து வீடும் போகும் என்னும் அச்சத்தோடு வாழ்ந்த குடும்பங்கள் இவ்விதியை வேறு கண்ணோடு படிக்கும்.

எனினும் அதனைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த நானூறு பெண்களும் மன்னன் ஆணையால் பல ஊர்களிலிருந்து கொணரப்பட்டவர்கள். விரும்பி வந்தனரா என்று கல் கூறவில்லை. கோயிலுக்கு நெல் அளந்த ஊர்களுள் சோழப்படை வென்ற ஈழத்து ஊர்களும் உண்டு. கல் சுமந்தோர், மண் சுமந்தோர், அவர்களுக்குச் சோறாக்கியோர் ஆகியோரின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

தஞ்சையிலிருந்து கும்பகோணம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அதற்குச் சற்று முன்பே தாராசுரம் வந்துவிடும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எழுப்பிய சிறிய கோயில் அது. தேர்ச்சக்கரம் பூட்டிய மண்டபமும், அறுபத்துமூன்று நாயன்மார் வரலாற்றைக் கூறும் சிறு சிற்பங்களும் அங்கே பார்க்கத்தக்கவை. ஒரு மணி நேரம் போதும்.

அங்கிருந்து வடக்கே கங்கைகொண்ட சோழபுரம் செல்லும் வழியில் அணைக்கரை என்னும் ஊரில் கொள்ளிடம் ஆற்றைக் கடப்பீர்கள். அங்கே வண்டியைச் சற்று நிறுத்தச் சொல்லுங்கள். 1836ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அங்கே கீழணையைக் கட்டியபோது, அருகில் கிடைத்த கல் எது தெரியுமா? கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதில்! கோயிலைச் சூழ்ந்திருந்த பெருமதிலையும் கட்டடங்களையும் இடித்து, அக்கற்களை அணைக்குக் கொண்டுசென்றனர். அணையால் வயல்கள் பயன்பெற்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு பேரரசின் தலைநகரைக் கற்குவியலாகவே கருதிய கண்ணை என்னென்பது! நீங்கள் அங்கே சென்று காணும்போது, தஞ்சை விமானத்திற்கு இளைய தங்கை போன்ற விமானம் ஒன்று பரந்த புல்வெளியில் தனித்து நிற்கும். ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் சோழரின் தலைநகராக விளங்கிய ஊர் இன்று ஒரு சிற்றூர். அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளமே மிஞ்சியுள்ளது. 2025ஆம் ஆண்டு சூலையில் இராசேந்திரனின் கடற்பயணத்திற்கு ஆயிரம் ஆண்டு நிறைந்ததை ஒட்டி அங்கே பெருவிழா எடுக்கப்பட்டது. விழா முடிந்த பின்னர் அவ்வூர் மீண்டும் அமைதியில் ஆழ்ந்துவிட்டது. மாலை நான்கு மணிக்கு மேல், வெயில் சாயும் வேளையில், அங்கே இருப்பது நல்லது.

கோயிற்கல் அணைக்குச் சென்ற கதை அயல்நாட்டுக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். கெடாவிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சண்டிகளின் அடித்தளங்கள் பல கண்டெடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பதினொன்றாம் எண்ணுள்ள சண்டி, நில மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்ட செய்தி 2013ஆம் ஆண்டில் வெளிவந்து நாட்டையே வருத்தியது. அவ்விடத்தின் மதிப்பை அறிந்தவர் அருகில் ஒருவரேனும் இருந்திருந்தால் என்று அன்று பலர் வருந்தினர். தஞ்சை செல்லப் பணம் சேர்ப்போர், அதற்கு முன்னரோ பின்னரோ பிள்ளைகளை மெர்போக் அருங்காட்சியகத்திற்கும், அங்கே மீண்டும் எடுத்துக் கட்டப்பட்டுள்ள புக்கிட் பத்து பகாட் சண்டிக்கும் அழைத்துச் செல்லுங்கள். கடாரத்தின் மறு பாதி அங்கே இருக்கிறது.

இறுதியாக ஒரு செய்தி. நம்மில் பலருக்குத் தஞ்சையைவிடத் தாத்தாவின் ஊரைக் காண்பதில்தான் ஆவல் மிகுதி. அது இயல்பே. ஆனால் அதற்குத் தனியே ஒரு நாள் வேண்டும். மேற்சொன்ன ஒருநாட் பயணத்தோடு அதனைச் சேர்த்தால் இரண்டும் கெடும். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் முன்னோரின் பெயர்களை எவரும் கல்லில் வெட்டவில்லை. ஆதலின் புறப்படுமுன் வீட்டிலுள்ள பாட்டியிடமோ பெரியப்பாவிடமோ அமர்ந்து கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய பிறப்புப் பத்திரம், பயணச்சான்று முதலியவை பெட்டியின் அடியில் கிடக்கக்கூடும். அவற்றையும் எடுத்துப் பாருங்கள். ஊர்ப்பெயர் மட்டும் போதாது. புதூர் என்றும் நல்லூர் என்றும் தமிழகத்தில் எத்தனையோ ஊர்கள் உள்ளன. எந்த வட்டம், அருகிலுள்ள பெரிய ஊர் எது, குலதெய்வக் கோயிலின் பெயர் யாது என்னும் மூன்றையும் சேர்த்துக் கேட்டு எழுதுங்கள். வாடகை வண்டிக்காரர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.