முறிந்த கையும் மூங்கில் பத்தையும்
(திருமங்கலத்தில் செய்த சொற்பொழிவு)



பாடுபடுகிறவனுக்குக் கைதான் சொத்து. அந்தக் கை முறிந்தால் நாம் செய்வதென்ன? முதலில் திருநீறு; அடுத்து வேண்டுதல்; பிறகு மூங்கில் பத்தையை வைத்து இறுக்குகிற கட்டுக்காரர். "ஆஸ்பத்திரிக்குப் போனால் காசுக்கு எங்கே போவது?" என்பது இதற்குச் சொல்லும் சமாதானம்.

தோழர்களே! உடைந்த எலும்பு கூடுவது அதன் சுபாவம். கூடியதும் பேர் வாங்கிக்கொள்வது சாமி. வைத்தியம் என்பது கூடும்வரை எலும்பைச் சரியான நிலையில் நிறுத்துவதேயாகும். அதற்கு எப்போதும் பெரும்பணம் வேண்டுமா? விரலெலும்பு விலகாமல் முறிந்திருந்தால், நடுவில் பஞ்சு வைத்து, பக்கத்து விரலோடு பிளாஸ்திரியால் சேர்த்து ஒட்டுகிறார்கள். நல்ல விரலே பத்தையாகிறது! மாவுக்கட்டோ 1852-ல் டச்சு இராணுவ வைத்தியர் மதைசன் என்பவர் கொண்டுவந்தது. ஜிப்சத்தைச் சுட்ட மாவும் துணியுந்தான். ஆனால் மணிக்கட்டு சற்று மேல்நோக்கி, விரலடி மூட்டு மடங்கி, விரல்கள் நீண்டிருக்கும்படி கட்டவேண்டும். கையைத் தட்டையாய் விரித்துக் கட்டினால் எலும்பு கூடும். பிறகு சோறு பிசையக் கை மடங்காது.

விலகிய எலும்புக்கு மெல்லிய எஃகுக் கம்பி இருக்கிறது. கிர்ஷ்னர் என்ற ஜெர்மன் டாக்டர் 1909-ல் புகுத்தியது. கம்பியில்லாத இடங்களில் விரல்நுனி முறிவுக்கு, சுத்தம்செய்த இஞ்செக்ஷன் ஊசியையே செலுத்தி நிறுத்துகிற டாக்டர்களுண்டு. பம்பாய் டாக்டர் பி. பி. ஜோஷி கம்பிகளையும் சிறு பூட்டுகளையும் கொண்டு, கைக்கு வெளியிலிருந்தே எலும்பைத் தாங்கும் மலிவான சட்டமொன்றை அமைத்தார். ஏழை நாட்டு மூளைக்கு இது அத்தாட்சியல்லவா?

கட்டுக்காரரெல்லாம் மோசக்காரரென்று நான் சொல்லவரவில்லை. என் தமையன் மகன் மரத்திலிருந்து விழுந்தபோது ஒருவர் கட்டினார். பையன் இரவெல்லாம் கதறினான். "வலித்தால் எலும்பு கூடுகிறது" என்றார். நம்பினோம்; நானும் நம்பினேன். மூன்றாம் நாள் அவிழ்த்தபோது விரல்கள் சில்லிட்டுக் கிடந்தன. இன்றும் அவை கொக்கிபோல் மடங்கியே இருக்கின்றன. ரத்தவோட்டம் தடைப்பட்டுத் தசை சாவதே இதற்குக் காரணமென்று வோல்க்மான் என்ற ஜெர்மானியர் 1881-லேயே எழுதிவிட்டார். அதற்குச் சில மணி நேரமே போதும்.

ஆகையால் யார் கட்டினாலும் சரி, நகத்தை அழுத்தி விட்டுப் பாருங்கள். இரண்டு வினாடிக்குள் மறுபடி சிவக்கவேண்டும். சிவந்தாலும், விரலை நீட்டும்போது உயிர்போகிற வலியோ, மரமரப்போ இருந்தால் அந்தக் கணமே கட்டைத் தளர்த்துங்கள். தோல் கிழிந்த முறிவென்றால் சுத்தத் துணியால் மூடுங்கள். மஞ்சளும் சாணமும் வேண்டாம். நடுநிசியானாலும் வண்டி பிடித்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.