ஊர்ப் பெயர் இல்லாத கடிதம்

(தலைப்பு: கடிதத்தைக் கொண்டு சேர்ப்பது பெயரா? எண்ணா? ‘எண்ணே’ அணி)



எனக்கு முன்னால் பேசிய சகோதரி, “மனுஷனுக்கு நம்பர் கொடுக்கிறது ஜெயில்ல”ன்னு ஒரே போடாப் போட்டுட்டாங்க. (சிரிப்பு) ஏம்மா, உங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகை கவர்ல கடைசியா ஆறு நம்பர் எழுதுனீங்களா, இல்லையா?

625513. இதுதான் நம்ம போடி. முதல் 6 தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்த மண்டலம். 62 அதில் ஒரு பகுதி. 625 என்றால் மதுரை. தேனி தனி மாவட்டமாகி எத்தனை வருஷமாச்சு! ஆனாலும் பின்கோடு மட்டும் மதுரையை விட்டு வரமாட்டேங்குது. பொறந்த வீட்டுப் பாசம்! (சிரிப்பு) கடைசி 513 நம்ம தபாலாபீஸ்.

போடிமெட்டு ஏறி அந்தப் பக்கம் மூணாறு போனா 685612. செக்போஸ்ட் தாண்டினா போர்டு மலையாளம். ஆனா முதல் 6 மாறலையே! விடியக்காலம் ஜீப்புல தொத்திக்கிட்டு ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போறாங்களே நம்ம பெண்கள், அவங்களுக்கும் மலை ஒண்ணுதான், தபாலுக்கும் ஒண்ணுதான். (கைதட்டல்)

இதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். மத்திய தகவல் தொடர்பு அமைச்சக அதிகாரி. நடப்புக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15. கவனியுங்கள், அவர் சமஸ்கிருதக் கவிஞர்! சொல்லையே தொழுத மனிதர் எண்ணுக்கு வந்தார். ஏன்? ஒரே பேர்ல பல ஊர், ஆளுக்கொரு மொழியில விலாசம். டில்லியில கடிதம் பிரிக்கிறவருக்குத் தமிழ் தெரியுமா? தமிழ் தெரிஞ்சவரே மொட்டையா ‘போடி’ன்னு பார்த்தா, யாரோ வீட்டுக்காரியத் திட்டுறான்னு நினைப்பார்! (பலத்த சிரிப்பு)

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருப் பெரியம்மாவுக்கு இன்லேண்ட் லெட்டர் எழுதிக் கொடுப்பேன். அவர் ஏலக்காய் தரம் பிரிக்கும் கூலி. மகன் பட்டாளத்தில். விலாசத்தில் அண்ணன் பெயர், பட்டாள நம்பர், யூனிட், ‘56 ஏ.பி.ஓ.’, அவ்வளவுதான். ஊரே கிடையாது! யூனிட் எங்கே இருக்கிறதென்று வெளியே தெரியக்கூடாது. ஒன்பது மண்டலத்தில் எட்டு மண்ணுக்கு, ஒன்பதாவது ராணுவத்துக்கு.

“ஊர் பேரே இல்லையேடா, போய்ச் சேருமா?” ஒவ்வொரு தடவையும் கேட்பார். அவன் பனியில நிக்கிறானா, பாலைவனத்துல நிக்கிறானா, பெத்தவளுக்குத் தெரியாது. தபால்காரருக்கும் தெரியாது.

ஒரு மாசம் கழிச்சுப் பதில் வந்தது. நான்தான் வாசிச்சேன். “அம்மா, உன் லெட்டர்ல ஏலக்காய் வாசம் வருது.” பெரியம்மா கையை மோந்து பார்த்துக்கிட்டாங்க.

பேர் எழுதலையான்னு எதிரணி கேட்கும். எழுதினோம். ஆனா ஆள் நின்ற இடத்தைக் கண்டுபிடிச்சது எண்! ஆகவே ‘எண்ணே’ என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவரைக் கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)